வேலை செய்யாத நீலம்

உலகத்தில் எத்தனை நீலம் உண்டோ அத்தனையும் என் கணவருக்குத் தெரியும். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் பெயின்ட் கலப்பது அவர் வேலை. எவனோ எங்கேயோ இடித்துக்கொண்டு நசுங்கிய கதவோடு வருவான். தட்டி நிமிர்த்திய கதவுக்கு அடிக்கும் நிறம், வெயிலில் வெளுத்துக் கிடக்கும் மீதிக் காரோடு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி பல்லை இளிக்கும். "எங்க அடிச்சிருக்குன்னு கண்டுபிடிச்சுட்டீங்கன்னா, நான் பெயின்ட் டப்பாவையே தொட மாட்டேன்" என்று வண்டிக்காரர்களிடம் சவால் விடுவார். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. யாராவது ஒருத்தர் கண்டுபிடித்திருந்தால் வீட்டில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்திருக்கும்.

என் வேலையும் நீலம்தான். ஆனால் அதைப் பெயின்ட் என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த ஒரு பெட்டிக்குள் மெல்லிய கண்ணாடித் தகடுகளை அடுக்கி, கரிமச் சாயம் ஒன்றை ஆவியாக்கி அவற்றின் மேல் படிய வைப்போம். தலைமுடி அதன் பக்கத்தில் பனைமரம், அவ்வளவு மெல்லிய படலம். அதில் சிவப்பு ஒளி பட்டால் மின்சாரம் உண்டாகும். கம்பி வேண்டாம், பேட்டரி வேண்டாம். உயிருள்ள செல்களை அதன் மேல் வளர்த்தால், ஒளி விழும்போதெல்லாம் அந்த மின்சாரம் அவற்றைத் தட்டி எழுப்பும். நான் வளர்ப்பது இதயச் செல்கள். தம் இஷ்டத்துக்குச் சோம்பலாகத் துடித்துக்கொண்டிருப்பவை, விளக்கு மின்னியதும் அதன் தாளத்துக்கு மாறித் துடிக்கும். மைக்ரோஸ்கோப்பில் அதை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் அழுதேவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதற்கு, "பெயின்ட் காயறதைப் பாத்து அழுத ஒரே ஆளு நீதான்" என்றார் இவர்.

அந்தப் படலத்தை நம்பித்தான் என் பிழைப்பும் இருந்தது. ஆய்வகத்தில் எனக்கு வருட ஒப்பந்தம். ஆறு வருடமாக, ஒவ்வொரு வருடமும் "இந்தத் தடவை மட்டும்" என்று சொல்லி நீட்டிக்கொண்டிருந்தார்கள். இனி நீட்ட முடியாதாம். மதிப்பீட்டுக் குழு வரும், வேலையைப் பார்க்கும், பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். என் நாத்தனார் போன் செய்தால் "நல்லாருக்கியா?" என்று கேட்பதையே விட்டுவிட்டாள். "நிரந்தரமாயிடுச்சா அண்ணி?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

இந்த நேரம் பார்த்து, ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த எங்கள் கட்டுரையில் முகம் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் ஒரு குறை கண்டுபிடித்தார். நிஜத் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சாயம் பூசாத வெறும் கண்ணாடியை நாங்கள் டம்மியாக வைத்திருந்தோம். நீலத்தில் விளக்கின் தாளத்துக்குத் துடித்தது, வெறும் கண்ணாடியில் அப்படித் துடிக்கவில்லை என்று எழுதியிருந்தோம். அவர் கேட்டது இதுதான்: எது நிஜம், எது டம்மி என்று பார்ப்பவருக்கு முன்பே தெரிகிறதே? ஆசைப்படுகிற கண்ணுக்கு ஆசைப்பட்டதுதானே தெரியும்? டம்மியையும் அதே நிறத்தில் செய்து, எது எதுவென்று தெரியாமல் பாருங்கள்.

எங்கள் பேராசிரியருக்கு ஆய்வகத்தில் "பொறுமை" என்று பெயர். எதற்கெடுத்தாலும் "பொறுமை, பொறுமை" என்பார். அவரிடம் இல்லாத ஒரே பொருள் அதுதான். குறையைப் படித்துவிட்டு அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தவர், சட்டென்று நின்றார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் பெயின்ட்டுக்காரர்தானே?"

ஆறு வருடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

விஷயத்தை வீட்டில் சொன்னதும் இவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையைக் காலி செய்து, என் தகட்டை நடுவில் வைத்து, சுற்றிலும் சின்னச் சின்ன டப்பாக்களைப் பரப்பிக்கொண்டார். டம்மிக்குக் கண்ணாடியின் அடிப்பக்கம்தான் பெயின்ட் அடிக்க வேண்டும், மேல்பக்கம் அடித்தால் செல்கள் செத்துப்போகும் என்று சொல்லி வைத்தேன். தலையை ஆட்டினார். மத்தியானத்துக்குள் கலந்துவிட்டார். ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தோம், ஒரே நிறம். குழல்விளக்கில், ஒரே நிறம். மஞ்சள் பல்பிலும் அப்படியே. நான் கை தட்டினேன். அவர் தட்டவில்லை.

"உன் மெஷின்ல என்ன லைட்டு?"

"செவப்பு."

"அதைக் கொண்டு வா."

மறுநாள் ஆய்வகத்திலிருந்து விளக்கைப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். அறையை இருட்டாக்கிச் சிவப்பை மட்டும் போட்டோம். என் தகடு கருகிய தோசைக்கல்லாக இருந்தது. அவர் தகடு சோகை பிடித்து வெளிறிக் கிடந்தது. இவர் முகமும் அப்படியேதான்.

"விளக்குக்கு விளக்கு மூஞ்சி மாத்துது பாரு. இது பெயின்ட்டா? பச்சோந்தி."

"அந்த லைட்டுல யாருங்க பாக்கப் போறாங்க? மனுஷங்க பகல் வெளிச்சத்துலதானே பாப்பாங்க. இதுவே போதும்."

"மனுஷன் பாக்க மாட்டான். உன் செல்லு பாக்கும்ல?"

"செல்லுக்குக் கண்ணு கிடையாதுங்க" என்று சொல்லிச் சிரித்தேன். நீலம் எதனால் சிவப்பு விளக்கில் கறுக்கிறது என்று பாடம் நடத்தக்கூடியவள் நான். சிவப்பை விழுங்குவதால்தான் கறுக்கிறது. அதை அறிந்த நான் சிரித்தேன், அறியாத அவர் ஊரில் உள்ள பெயின்ட் கடைகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்து, வேறொரு நீலப் பொடியை வாங்கிவந்து கலந்தார். என் சாயத்துக்கு அது ஒன்றுவிட்ட தம்பி முறை என்பது பிறகுதான் தெரிந்தது. வெயிலில் ஒட்டியது, குழல்விளக்கில் ஒட்டியது, சிவப்பிலும் இரண்டும் ஒன்றாகக் கறுத்தன. "இப்போ சொல்லச் சொல்லு எது டம்மின்னு" என்று நாற்காலியில் சாய்ந்தார். எனக்காக ஒருத்தர் இப்படி மெனக்கெடுவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு தகட்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, எது என்னுடையது என்று எனக்கே தெரியாமல் போனபோது பெருமையாகக்கூட இருந்தது.

தகடுகளை வைத்துச் செல் வளர்த்த டிஷ்களுக்குப் பேராசிரியரே எண் போட்டார். எந்த எண் நிஜம், எந்த எண் டம்மி என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து விளக்கை மின்ன விட்டேன். வரிசை முடிந்ததும் எழுந்தேன்.

"எல்லாமே துடிக்குது சார்."

"எல்லாமேவா? பிரமாதம்! நான்தான் சொன்னேனே, பொறுமையா இருந்தா..." என்று கை தட்டப் போனவர், கைகளைப் பாதியில் நிறுத்தினார். "எல்லாமே எப்படிம்மா துடிக்கும்? பாதி பெயின்ட்டு ஆச்சே?"

டிஷ் மாறிவிட்டதோ என்று முதலில் பார்த்தோம். மாறவில்லை, தகட்டைத் திருப்பி நகத்தால் சுரண்டினால் பெயின்ட் பெயர்ந்து வந்தது. அவர் எண்ணை மறந்துவிட்டாரோ என்று ஜாடையாகக் கேட்டேன். "எனக்கு மறதியா?" என்று கோபித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மேசை மேல் மறந்துவிட்டுப் போனார். திரும்பி வந்து, "உங்க வீட்டுக்காரர் பெயின்ட்டுல எதையாவது கலந்துட்டாரா?" என்றார்.

"கலக்கறதுதான் சார் அவர் வேலை."

அவர் போன பிறகு தனியாக உட்கார்ந்து யோசித்தேன். பெயின்ட் இருப்பது கண்ணாடிக்கு அடியில். செல்கள் இருப்பது மேலே. மின்சாரம் என்று ஒன்று பெயின்ட்டில் பிறந்தாலும் கண்ணாடியைத் தாண்டி வர வழியே கிடையாது. அப்படியென்றால் எது தாண்டி வருகிறது? செல் இல்லாத டம்மித் தகடு ஒன்றைத் துடைத்து விளக்கில் காட்டிவிட்டுக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. நிஜத் தகட்டைக் காட்டிவிட்டுக் கன்னத்தில் வைத்தேன். அதே வெதுவெதுப்பு.

சிவப்பை விழுங்கும் எதுவும் சூடாகும். சூடு பட்டால் இதயச் செல் துடிக்கும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். ஆறு வருடமாக நான் செல்களுக்கு மின்சாரம் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒத்தடம்தான் கொடுத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ. அதற்கு வெந்நீர்ப் பையே போதுமே. வேலை போய்விடும் என்பதைக்கூட அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை. அன்றைக்கு நான் அழுதேனே, அது மின்சாரத்துக்கா, சூட்டுக்கா?

பேராசிரியரிடம் சொன்னேன். வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உண்மையிலேயே பொறுமையாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"உங்க வீட்டுக்காரர் முதல்ல வேற ஒண்ணு கலந்தாருன்னு சொன்னீங்களே. செவப்புல வெளுத்துப்போச்சுன்னு."

"ஆமா சார்."

"வெளுத்துப்போச்சுன்னா செவப்பை முழுங்கல. முழுங்கலன்னா சூடாகாது. சூடாகலன்னா துடிக்காது. பகல்ல பாத்தா ஒரே நிறம். மதிப்பீட்டாளர் கேட்டது அவ்வளவுதானே? அதையே கொண்டுவந்துடுங்கம்மா."

"அது சூட்டை மறைச்சுடும் சார்."

"நாம எங்கம்மா மறைக்கறோம்? பெயின்ட்டு மறைக்குது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பழியைச் சோற்றின் மேல் போடுபவரை அன்றுதான் பார்த்தேன்.

இருந்தாலும் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். குழு வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நாத்தனார் வேறு காலையில்தான் போன் செய்திருந்தாள்.

"எது? அந்தப் பச்சோந்தியா? அதை அன்னிக்கே கொட்டிட்டேனே."

"மறுபடியும் கலக்கணும்."

"வேணும்னே மோசமாவா?"

ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ நான் நல்லாக் கலந்ததுதான் தப்பா?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் சொந்தப் புருஷனைக் கொண்டே வைத்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "உங்க மேல தப்பே இல்லீங்க" என்றேன். அவர் நம்பவில்லை. தலையைக் குனிந்து நகத்தடியில் ஒட்டியிருந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அந்த நீலத்தைப் பார்க்க ஆத்திரமாக வந்தது.

ஆனால் மறுநாள் சாயங்காலமே டப்பா வந்துவிட்டது. பட்டறையிலிருந்து எது வந்தாலும் அதன் மேல் பட்டறையின் லேபிள் நேராக ஒட்டியிருக்கும். இதில் இல்லை.

"எந்தப் பட்டறைன்னு யாராவது கேட்டா சொல்லிடாத" என்றார். "என் மானம் போனாப் போகுது. உனக்கு வேலை நிரந்தரமாகட்டும்."

இப்படி ஒருவர் சொல்லிவிட்டால் நிம்மதியாகப் பொய் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். தகடுகளுக்கு அதைப் பூசிச் செல் வளர்த்து விளக்கை மின்ன விட்டேன். அதன் தாளத்துக்குத் துடிக்கவில்லை. சொன்னபடி கேட்கும் பிள்ளை மாதிரி கம்மென்று இருந்தது. ஆனால் பக்கத்திலேயே லேபிள் ஒட்டிய நல்ல டப்பா உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் படலம் நிஜமா, வெந்நீர்ப் பையா என்பது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுப்பில் வைத்த பாத்திரம் வைத்தவுடனே சுடாது, சூடேற நேரம் வேண்டும். மின்சாரத்துக்கு அந்தப் பாடெல்லாம் இல்லை. ஆகவே விளக்கை மின்ன விடும் நேரத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைத்தபோது, நல்ல பெயின்ட் மேல் இருந்த செல்கள் விளக்கை மறந்துவிட்டுத் தம் பழைய சோம்பல் தாளத்துக்குத் திரும்பின. நிஜத் தகட்டை வைத்தேன். அதுவும் அப்படியே. மின்னியது, ஒன்றுமில்லை. மின்னியது, ஒன்றுமில்லை. மறுபடி மின்னியது; கூடவே ஒரு துடிப்பு. அடுத்ததற்கு இல்லை. அதற்கடுத்ததற்கு இருந்தது.

எல்லாத் தடவையும் இல்லை, பாதித் தடவைகூட இல்லை. ஆறு வருடமாக நான் மார்தட்டிக்கொண்டதில் முக்கால்வாசி சூடுதான், கொசுறாகத்தான் மின்சாரம். ஆனால் அந்தக் கொசுறு நிஜம். முதல் நாள் அழுததைவிட அன்றைக்கு அதிகமாக அழுதேன்.

குழு வந்த அன்று மேசை மேல் இரண்டு டிஷ் இருக்கும் என்று பேராசிரியர் நினைத்திருந்தார். நான் மூன்று வைத்தேன்: நிஜம், நல்ல பெயின்ட், லேபிள் இல்லாத பெயின்ட். அவர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே "பொறுமை" என்று கெஞ்சினார். நான் பொறுமையாகத்தான் சொன்னேன். நீளமான மின்னலில் முதல் இரண்டும் துடிக்கும், அது சூடு. சின்ன மின்னலில் முதலாவது மட்டும், அதுவும் சில சமயம் மட்டும், அதுதான் எங்கள் மின்சாரம். மூன்றாவது எதற்கும் துடிக்காது. அதை மட்டும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் உங்களை ஏமாற்றியதாக ஆகும்.

குழுவின் தலைவி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். முதலாவதற்குத் தலையை ஆட்டினார். இரண்டாவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதில் அப்படியே நின்றுவிட்டார்.

"இது நிஜம் மாதிரியே இருக்கு. ஆனா ஒண்ணுமே செய்யல?"

"ஒண்ணுமே செய்யாது மேடம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. அதுதான் அதுல இருக்கற குறையே..."

"குறையா? எங்க ஆய்வகத்துல இப்படி ஒரு டம்மி இல்லாம மூணு கட்டுரை கிடப்புல கிடக்கு! யாரு பண்ணினது இது?"

பேராசிரியர் முந்திக்கொண்டார். "எங்க தயாரிப்புதான் மேடம். ரொம்பப் பொறுமையா பண்ணினது."

எங்கள் கட்டுரை திரும்பி வந்தது. மூன்று தகட்டையும் சேர்த்து எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அனுப்ப வைத்திருந்தேன். முடிவு மங்கலாக இருக்கிறதாம். ஆனால் டம்மி பிரமாதமாம். என் வேலையோ நிரந்தரமாகிவிட்டது. டம்மிகள் தயாரிக்க ஒரு தனிப் பிரிவு. அதற்கு நான் பொறுப்பாளர். கதவில் பலகை மாட்டியிருக்கிறார்கள். நாத்தனாருக்கு நானே போன் செய்து சொன்னேன்.

"அடேயப்பா! என்ன வேலை அண்ணி?"

"வேலை செய்யாததைச் செய்யற வேலை."

"எங்க ஆபீஸ்ல அதுக்கு நாப்பது பேர் இருக்காங்க" என்றாள்.

இப்போது பல ஆய்வகங்களிலிருந்து கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: இதை மட்டும் வைத்துப் பார்த்தால் சூடு தெரியாது, நல்ல கலவையையும் ஒரு டப்பா எடுத்துப் போங்கள், இரண்டையும் வைத்துப் பாருங்கள். எல்லோரும் மிக மரியாதையாக "அடுத்த தடவை கட்டாயம்" என்கிறார்கள். அவர்களுடைய கட்டுரைகள் சுடச்சுட வெளிவருகின்றன. கடைசி வரியில் எனக்கு நன்றி இருக்கிறது.

வாழ்நாளில் மோசமாக ஒன்றும் கலக்காத மனிதர், மாதாமாதம் ஒருநாள் எனக்காக உட்கார்ந்து மோசமாகக் கலக்கிறார். அதிலும் தேர்ந்துவிட்டார், ஒரு டப்பாவுக்கும் மறு டப்பாவுக்கும் மோசத்தில் மயிரிழை வித்தியாசம் இருக்காது. ஒன்றுக்கும் லேபிள் ஒட்டுவதில்லை. கடைசி மூடியை அழுத்தி மூடிவிட்டுத் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்.

"நல்லதை யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லீங்க" என்றுதான் இத்தனை மாதமும் சொல்லி வந்தேன். நல்ல டப்பா ஆய்வக அலமாரியில் அடி தட்டும் நிலைக்கு வந்துவிட்டது. எல்லோரும் கிளம்பிப்போன பிறகு, நிஜத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தச் சின்ன மின்னலை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பது பேராசிரியருக்குக்கூடத் தெரியாது. இந்த மாதம் என் கணவர் கேட்டபோது, "கேட்டாங்க" என்றேன்.

தலையைத் தூக்கினார். "யாரு?"

"நான்தான்."

லேபிள் இல்லாத டப்பாக்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, மேசையைத் துடைத்தார்.

"அந்த செவப்பு லைட்டை எடுத்துட்டு வா" என்றார்.